ஆசனமும் வாக்கும்: ஊவாப் பெருந்தோட்டங்களில் பொதுமக்கள் நீதிச் சபைகளின் உறுப்புரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குற்ற நீதி பரிபாலனத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்தச் செயல் எப்பொழுது குற்றமாக்கப்பட்டது, அதற்குரிய தண்டனை யாது, எந்த மன்றுக்கு எவ்வளவு நியாயாதிக்கம் வழங்கப்பட்டது என்பனவே அவ்வாய்வுகளின் பொருளாக அமைகின்றன. நீதி வழங்கும் சபையில் ஆசனம் பெற்றோர் யாவர், அவர்களுடைய பெயர்களை முன்மொழிந்தோர் யாவர், நியமிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது, கருத்து வேறுபட்டவிடத்து யாருடைய வாக்கு எண்ணப்பட்டது என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்டு முன்னே நிற்பவனுக்குச் சட்டத்தின் வாசகத்தைவிட இவ்வினாக்களே நெருங்கியவை. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாப் பெருந்தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1958ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் எழுந்த இணக்க சபைகளும், 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் எழுந்த மத்தியஸ்த சபைகளும் இங்குச் சிறப்பாக நோக்கப்படும். இவை தண்டனை விதிக்கும் மன்றுகளல்ல; சிறு குற்றங்களும் பிணக்குகளும் நீதிமன்றுக்குச் செல்லுமுன் இணக்கங் காண முயலும் பொதுமக்கள் சபைகள். எனினும் அவற்றின் வாயிலைக் கடவாது நீதிமன்றின் வாயிலை அடைதல் பல விடயங்களில் இயலாது. ஆதலின் அவற்றில் அமர்ந்தோர் யார் என்பது சிறிய வினாவன்று.

ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலாகும். ஆயின் பசறை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய மலைச்சாரல்களில் கோப்பித் தோட்டங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பரவியிருந்தன. இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் மடுல்சீமைத் தோட்டமொன்றிலேயே. கோப்பி போய்த் தேயிலை வந்தது. தொழிலாளரைத் திரட்டிய முறையும் அவர்களை ஆண்ட முறையும் போகவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் மூலம் அழைத்து வரப்பட்டோர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். இருப்புப் பாதை பதுளையை எட்டியது 1924இலேதான் என்பதை நினைவிற்கொண்டால், இத்தோட்டங்கள் எவ்வளவு காலம் வெளியுலகின் பார்வைக்கு எட்டாதிருந்தன என்பது விளங்கும்.

அக்காலத் தோட்டத்தில் தொழிற் பிணக்கென்பது குற்ற வழக்காகவே கருதப்பட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலும், கட்டளைக்குக் கீழ்ப்படியாமையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயின. கூலி கொடாத துரை குடியியல் முறையிற் பொறுப்பாளியாக, வேலைக்கு வராத தொழிலாளி குற்றவாளியானான். இவ்வேறுபாட்டைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர்கள் விரைந்து கடந்து செல்லும் மற்றொரு செய்தி உண்டு. தோட்டத் துரைமார் பலர் சமாதான நீதவான்களாகவும் உத்தியோகப்பற்றற்ற நீதவான்களாகவும் நியமனம் பெற்றிருந்தனர். முறைப்பாடு செய்யும் வகுப்பிலிருந்தே நீதிப் பதவிக்கும் ஆட்கள் எடுக்கப்பட்டனர். ஒரு துரை தன் தோட்டத்து வழக்கைத் தானே விசாரிக்கவில்லை என வாதிடலாம். ஆயின் அடுத்த தோட்டத்துத் துரையும், மாவட்டத்துத் தோட்டக்காரர் சங்கமும், மாலை நேரக் கழகமும் ஒரே மனிதக் கூட்டமாக இருந்தவிடத்து அவ்வாதத்திற்கு வலுவில்லை. தண்டனைக்குரிய அப்பிரிவுகளும் துண்டு முறையும் 1920களின் தொடக்கத்தில் நீங்கிய பின்னரும் இவ்வுறவு உடனே நீங்கவில்லை.

பாரதூரமான குற்றங்களை விசாரித்த யூரிமுறையில் வாக்கின் நிலை தெளிவாகத் தெரிகின்றது. இலங்கையில் யூரிமுறையை 1811இல் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் புகுத்தினார். நாட்டு மக்கள் தம்மவரை விசாரிப்பதிற் பங்குபெறின் ஆட்சியில் நம்பிக்கை கொள்வர் என்பது அவரது எண்ணம். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவை யூரர் தொகையை ஏழாக வைத்தது. ஏழு பேரும் ஒருமித்தோ, குறைந்தது ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையாலோ தீர்ப்புக் கூறலாம். ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மொழிவாரியாக யூரர் பட்டியல்கள் இருந்தன. இவ்வளவும் நன்றெனவே தோன்றும். ஆயின் பட்டியலில் இடம்பெறுவதற்கு வருமானம் அல்லது சொத்துத் தகைமை வேண்டப்பட்டது. நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு அத்தகைமை எட்டாதது. ஆதலின் தமிழ் யூரர் பட்டியல் என ஒன்று இருந்தமையால் தோட்டத் தமிழரின் பட்டியல் இருந்ததென்று கொள்ளலாகாது. வணிகரும் எழுதுவினைஞரும் நிலவுடைமையாளருமே அதில் இடம்பெறக் கூடியவர்கள். மொழி ஒன்றாயிருத்தல் வேறு, வாழ்நிலை ஒன்றாயிருத்தல் வேறு.

யூரிமுறை எட்டாத சிறு வழக்குகளுக்கு ஊரவர் சபையை மீட்டெடுக்கும் முயற்சி 1871இல் தேசாதிபதி சேர் ஹேர்க்குலீஸ் றொபின்சன் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. அவ்வாண்டின் 26ஆம் இலக்கக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களையும் கிராம நியாய சபைகளையும் தோற்றுவித்தது. வேலி, கால்நடை, நீர்ப்பாசனம் முதலியவற்றிற்கு ஊரவரே விதிகள் வகுக்கவும், சிறு அடிதடி, சிறு களவு போன்றவற்றை ஊருக்குள்ளேயே தீர்க்கவும் வழி பிறந்தது. பழைய கம்சபையின் மறுபிறப்பெனப் பலரும் இதனைப் போற்றினர். அப்போற்றுதலில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இச்சட்டம் ஊர் என்பதற்குக் கொண்ட பொருள், தோட்டத்து மக்களின் பிற்கால வரலாறு முழுவதற்கும் தடையாய் அமைந்தது. நெற்காணியும் குளமும் வாய்க்காலும் உடையதே ஊர். லயம் ஊரன்று, அது ஒரு தனியார் நிலத்தின் கட்டடம். வரைபடத்தில் தோட்டம் கிராமப் பிரிவின் எல்லைக்குள் கிடந்தாலும், அச்சங்கத்தின் உறுப்பினரைத் தெரிவோருள் தோட்டத் தொழிலாளிக்கு இடமில்லை.

இத்தடையின் தன்மை 1937ஆம் ஆண்டில் வெளிப்படையாயிற்று. அதுவரை கிராமச் சங்கத் தேர்தலில் ஐரோப்பியரும் பறங்கியரும் இந்தியத் தொழிலாளரும் வாக்களிக்க இயலாதிருந்தனர். அவ்வாண்டுத் திருத்த மசோதா முதலிரு வகுப்பினருக்கும் வாக்குரிமை வழங்கி, இந்தியத் தோட்டத் தொழிலாளரை மட்டும் விலக்கிவைக்க முற்பட்டது. இந்திய அரசாங்கம் இதனை இனப் பாகுபாடெனக் கண்டித்தது. அக்கண்டனத்திற்கு இலங்கைச் சட்டவாக்குநர் கண்ட மாற்று நுட்பமானது. இந்தியர் என்ற சொல்லை நீக்கினர். எவ்வினத்தவராயினும் தோட்டத்தில் வதியும் தொழிலாளருக்கு வாக்கில்லை என்றனர். சொல்லளவில் பாகுபாடு மறைந்தது. பதுளைத் தோட்டமொன்றில் வாழ்ந்தவருக்கு அதனால் விளைந்த பயன் யாதெனில், முன்னர் இனத்தால் விலக்கப்பட்டவர் இப்போது இருப்பிடத்தால் விலக்கப்பட்டார் என்பதே. என் கருத்தில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தைவிட இத்திருத்தத்தைப் பற்றி நாம் குறைவாகப் பேசுவது தவறு. பிரசாவுரிமை காலப்போக்கில் மீண்டது. இருப்பிடத்தை அளவுகோலாக்கிய சிந்தனையோ பின்னும் நீண்ட காலம் நின்றது.

இப்பின்னணியிலேயே 1940ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். இதனை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆணைக்குழு அமர்ந்திருக்கையில் வேலைநிறுத்தக்காரருக்கு எதிரான வழக்குகள் தள்ளிவைக்கப்பட வேண்டுமென உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக்க கருத, பொலிஸ் மாஅதிபர் அதற்கு இணங்கவில்லை. தேசாதிபதி பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி துறந்து பின்னர் மீண்டும் பொறுப்பேற்றனர். குற்ற வழக்கைத் தொடரும் அதிகாரத்தில் மக்களாற் தெரியப்பட்டோருக்குப் பங்குண்டா என்னும் வினாவே அந்நெருக்கடியின் உள்ளீடு. அவ்வமைச்சர்களைத் தெரிந்த வாக்காளருள், 1931ஆம் ஆண்டின் குடியிருப்பு நிபந்தனைகளைக் கடந்த தோட்டத் தொழிலாளரும் ஒரு தொகையினர் இருந்தனர் என்பதும் இங்கு மறக்கற்பாலதன்று.

வேலைநிறுத்த அலை மூலோயாவில் அடங்காது ஊவாவிற் பரவியது. லங்கா சமசமாஜக் கட்சியினரின் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இங்கு முன்னின்றது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்தாலோசித்தே நிர்வாகம் நடத்துவதாகத் துரை உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழு தொழிலாளரால் நிராயுதபாணியாக்கப்பட்டதாகவும் அச்சங்கத்தார் பதிந்துள்ளனர். தமது தோட்டத்தின் நீதி நிர்வாக விடயங்களில் ஊவாத் தொழிலாளர் தாமே ஆசனம் பெற்றுத் தாமே வாக்களித்த சபையென ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், அறிந்தவளவில் வேவெஸ்ஸவையே சுட்டலாம். அது சில வாரங்களும் நிலைக்கவில்லை. பொலிஸ் நடவடிக்கை கடுமையாயிற்று, அதே காலத்துப் பெருவெள்ளம் ஊவாவை நாட்டின் ஏனைய பகுதியிலிருந்து துண்டித்தது, அலை தணிந்தது. கட்சி வரலாற்றாசிரியர் இதனை எழுச்சியெனவும், தோட்டக்காரர் கலகமெனவும் எழுதினர். இரு சாராரும் அச்சபை எவ்வாறு கூடியது, எவ்வாறு முடிவெடுத்தது என்பதை எழுதி வைத்திலர். நமக்குப் பெரிதும் வேண்டப்படுவது அதுவே.

1947ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த இரண்டாண்டுகளில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவரைத் தெரிந்த மக்களுட் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இக்கதை பலரும் அறிந்தது, விரித்தல் வேண்டா. நமது பொருளுக்கு வேண்டுவது, நியமன அதிகாரம் பாராளுமன்ற உறுப்பினரின் செல்வாக்கோடு பிணைந்த காலம் தொடங்கும் தறுவாயில் தோட்டத்து மக்களின் உறுப்பினர் இல்லாதொழிந்தார் என்பதே.

சிறு குற்றம் எனச் சட்டம் வகைப்படுத்துவது தோட்டத்திற் சிறிதாய் இராது என்பதற்குக் குற்றமுறு அத்துமீறலைவிட நல்ல எடுத்துக்காட்டில்லை. லயத்தின் அறை தொழிலாளியின் வீடு. சட்டத்தின் கண்ணில் அது முதலாளியின் உடைமை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அறையை விட்டு வெளியேறாதிருப்பின், அவர் தம் வீட்டில் இருந்தமையே குற்றமாயிற்று. 1950ஆம் ஆண்டையொட்டிக் கோமறைக் கழகம் வரை சென்ற செல்வநாயகம் வழக்கு இத்தகையது. தோட்டத்து அறையை விட்டு நீங்க மறுத்தவரது முதன்மை நோக்கம் தம் வீட்டைக் காத்துக்கொள்வதேயன்றி உடைமையாளருக்குத் தொல்லை தருவதன்று. ஆதலின் அது குற்றமுறு அத்துமீறலாகாது என்னும் வகையில் அங்கு நோக்கம் பற்றிய விதி விளக்கப்பட்டது. ஒருவர் அறையில் இருந்ததற்கு நோக்கம் யாது என்பதைத் தீர்மானிப்பவர் லயத்து வாழ்க்கையை அறிந்தவரா அறியாதவரா என்பது முடிவையே மாற்றவல்லது. இலண்டனில் அமர்ந்த பிரபுக்கள் அதனை உணர்ந்தனர் என்பது வியப்பு. அங்குச் செல்ல எத்தனை தொழிலாளரால் இயலும்?

1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க இணக்க சபைகள் சட்டம் இச்சூழலில் வந்தது. நீதிமன்றுகளில் வழக்குகள் குவிந்தமையும், வழக்காடிக் குடும்பங்கள் பாழாகின்றன என்ற கவலையும், ஊர் மக்களின் நன்மதிப்புப் பெற்றோர் வழக்கறிஞரின்றியே பிணக்கைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையும் அதன் பின்னணி. காயம் விளைவித்தல், அத்துமீறல், மிரட்டல் முதலிய சிறு குற்றங்களும் குடியியற் பிணக்குகளும் அட்டவணைப்படுத்தப்பட்டன. சபை நிறுவப்பட்ட பிரதேசத்தில் அத்தகைய வழக்கை, இணக்கம் எய்தவில்லை என்ற சபைத் தலைவரின் சான்றிதழின்றி நீதிமன்று ஏற்கலாகாது. வழக்கறிஞர் தோன்றுதலும் தடுக்கப்பட்டது. சபையில் வாக்கெடுத்துக் குற்றவாளியெனத் தீர்க்கும் முறை இல்லை; இருபாலாரின் உடன்பாடே முடிவு. அதனாலேயே அங்கு அமர்வோரின் ஆளுமை வாக்கினும் வலிதாயிற்று. இணங்கிப் போ என்று சொல்லும் ஒருவர் யார், யாரை நோக்கிச் சொல்கின்றார் என்பதில் எல்லாம் அடங்கியது.

இணக்காளர் குழு எவ்வாறு அமைந்தது? பிரதேசத்து அமைப்புகள் பெயர்களை முன்மொழியலாம். நியமிப்பவர் நீதி அமைச்சர். சட்டம் முதலிற் கிராமப் பிரதேசங்களையே மனத்திற் கொண்டு வரையப்பட்டது. கிராம அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், விகாரைச் சபை, பாடசாலை அதிபர் என்ற வகையில் கிராமத்திற் பெயர் சொல்லத்தக்கோர் பலர் இருந்தனர். தோட்டத்திலோ அத்தகைய அமைப்பு யாது? தொழிற்சங்கக் கிளையும் அதன் தலைவரும் இருந்தனர். கோயிற் கமிட்டி இருந்தது. கங்காணிமாரின் பழைய செல்வாக்கின் எச்சமும் இருந்தது. தோட்டத்துள் எழும் குடும்பப் பூசலும் அண்டை அறைச் சச்சரவும் தோட்டத் தலைவர் முன்னிலையிலோ துரையின் காரியாலயத்திலோ தீர்க்கப்பட்டு வந்தன. அவ்வாறு தீர்க்கும் திறனுடைய அத்தலைவரின் அனுபவத்தைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. அவரிற் பலர் அக்காலத்தில் நாடற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. எப்பங்கில் தாம் அடங்குவோம் என்றறியாத ஒருவரை ஊரின் நிலையான பெரியவரென எந்த அமைப்பு முன்மொழியும்?

தோட்டத்துள்ளே நிகழும் பூசலைவிடத் தோட்டத்திற்கும் கிராமத்திற்கும் இடையே நிகழும் பூசலிலேயே இக்குறை பெரிதும் உறுத்தியிருக்கும். தொழிலாளியின் மாடு கிராமத்தவரின் பயிரில் மேய்தல், கிராமத்தவர் தோட்டத்து எல்லையில் விறகு வெட்டுதல், கடைக் கடன், பாதைத் தகராறு, திருவிழாக் காலத்துக் கைகலப்பு என்பன ஊவாவின் எல்லையோரங்களில் இயல்பானவை. அங்குச் சபையில் அமர்ந்தோர் அனைவரும் ஒரு பக்கத்து ஊரவராயின், அவர்கள் எவ்வளவு நேர்மையுடையோராயினும், மறுபக்கத்தவர் தம்மை விருந்தினராகவே உணர்வர். இணக்கம் என்பது சமநிலையில் நிற்கும் இருவர் செய்துகொள்வது.

இணக்க சபைகள் பழிக்கப்பட்டது தோட்டத்து மக்களின் விலக்கத்திற்காகவன்று, கட்சி அரசியலுக்காகவே. 1970 முதல் 1977 வரையான ஆட்சிக் காலத்தில் நியமனங்கள் ஆளுங் கட்சிக்கு உவந்தோருக்கே சென்றன என்ற குற்றச்சாட்டு வலுத்தது. அமைச்சர் நியமிப்பார் என்ற ஒரு வரி சட்டத்தில் இருந்தமையே அதற்கு இடமளித்தது. இவ்வாபத்து இலங்கைக்குப் புதியதன்று. 1962ஆம் ஆண்டின் சதிப்புரட்சி வழக்கை விசாரிக்க மூன்று நீதியரசரை நீதி அமைச்சர் பெயர் குறித்தபோது, அவ்வாறு அமைந்த மன்று தானே தன் நியமனம் செல்லாதெனக் கூறி விலகியது. பின்னர் தெரிவு பிரதம நீதியரசரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1964இல் ரணசிங்க வழக்கிற் கோமறைக் கழகம், இலஞ்ச நியாய சபையின் உறுப்பினர் நீதிச் சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாமையின் அச்சபையின் தீர்ப்புச் செல்லாதெனக் கொண்டது. தோட்டத் தொழிலாளர் பெரிதும் நாடிய தொழில் நியாய சபைகளின் தலைவர் நியமனமும் 1967இல் அதே கழகத்தின் முன் வந்தது. அங்கு நியமனம் செல்லுபடியாகும் என மூவரும் ஆகாதென இருவரும் கருதினர். அம்மூவருள் ஒருவர் மாறியிருப்பின் ஊவாவின் எத்தனையோ வேலைநீக்க வழக்குகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். இவையனைத்தும் நியமிப்பவர் யார் என்னும் வினாவைக் கூர்மையாக எழுப்பின. நியமிக்கப்படத் தக்கவராய் எண்ணப்படுவோர் யார் என்னும் வினாவை ஒன்றேனும் எழுப்பவில்லை.

இணக்க சபைகள் 1978இல் ஒழிக்கப்பட்டன. பத்தாண்டுகளின் பின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் வந்தது. சபைகள் 1990 முதல் இயங்கலாயின. பழைய குறையைக் களையும் நோக்கம் இதன் அமைப்பில் நன்கு தெரிகின்றது. நியமனம் அமைச்சரிடமிருந்து எடுக்கப்பட்டு, ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வைவருள் குறைந்தது மூவர் நீதிப் பதவி வகித்தவராதல் வேண்டும். ஒவ்வொரு பிரதேசத்திற்கும் பன்னிருவருக்குக் குறையாத மத்தியஸ்தர் குழு அமையும். அரசியல் சார்பற்ற அமைப்புகளும் பிறரும் பெயர்களை அனுப்பலாம். பிணக்கிலுள்ள இருவரும் குழுவிலிருந்து ஒவ்வொருவரைத் தெரிவர். தெரியப்பட்ட இருவரும் மூன்றாமவரைத் தெரிந்து தலைவராக்குவர். ஆசனத்தை நிரப்பும் உரிமையின் ஒரு பங்கு முதன்முறையாகப் பிணக்குக்காரனின் கைக்கு வந்தது. என் மதிப்பீட்டில், 1811இன் யூரிமுறைக்குப் பின் இத்துறையில் நிகழ்ந்த மிக முக்கியமான மாற்றம் இது. சபைகள் பெரும்பாலும் வார இறுதியிற் பாடசாலைக் கட்டடங்களிற் கூடுவதும் தொழிலாளிக்கு நன்மையே. பிரட்டுக்குச் செல்லாது ஒரு நாட் பேரை இழக்க வேண்டியதில்லை.

உயர்மட்டத்தில் இதே காலத்து அரசியலமைப்புத் திருத்தங்கள் ஆசனத்திற்கும் வாக்கிற்கும் இடையிலான வேறுபாட்டை வேறொரு வகையிற் காட்டின. 2001ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தம் பத்துப் பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவையை நிறுவி, சிறுபான்மைச் சமூகங்களின் நலன்களுக்கென மூவருக்கு அதில் இடம் வகுத்தது; தேசிய பொலிஸ் ஆணைக்குழு உறுப்பினர் அப்பேரவையின் விதப்புரையின்றி நியமிக்கப்படலாகாது. 2010ஆம் ஆண்டின் 18ஆம் திருத்தம் அதனை ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவையாக்கி, அவதானிப்புகளைத் தெரிவிக்கும் அளவிற்குக் குறைத்தது. ஆசனங்கள் இருந்தன, அவற்றில் அமர்ந்தோரின் சொல் நியமிப்பவரைக் கட்டுப்படுத்தவில்லை. 2015இலும் 2020இலும் 2022இலும் அவ்வேற்பாடு மீண்டும் மீண்டும் மாறியது.

பதுளைக்குத் திரும்புவோம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் தமிழர். அவருட் பெரும்பாலார் தோட்டம் சார்ந்தோர். நாடற்றோர் நிலை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் படிப்படியாக நீங்கியது. 1999 முதல் பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலி-எல உள்ளிட்ட சில பிரதேச செயலாளர் பிரிவுகள் சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகளாகிய இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. இருப்பிடத்தால் விலக்கும் 1937ஆம் ஆண்டின் சிந்தனை 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவில் வேறு வடிவில் வாழ்ந்து, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை பணியாற்றுவதைத் தடுத்து வந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தமே அதனைத் தளர்த்தியது. இவ்வளவு தடைகள் நீங்கிய பின்னும் மத்தியஸ்தர் குழுவிற்குத் தோட்டத்திலிருந்து பெயர் செல்லும் வழி குறுகியதாகவே அமைந்துள்ளது. அதற்குக் காரணம் எவருடைய தீய எண்ணமுமன்று. அரசியல் சார்பற்ற அமைப்பு என்னும் நல்லெண்ணச் சொற்றொடரே.

கிராமத்தில் அத்தகைய அமைப்புகள் பல. தோட்டத்தில் மக்களை ஒன்றுதிரட்டிய ஒரே பேரமைப்புத் தொழிற்சங்கம். மலையகத்தின் பெருந் தொழிற்சங்கங்கள் யாவும் அரசியற் கட்சிகளாகவோ கட்சிகளின் கிளைகளாகவோ உள்ளன. வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்கள் பாராளுமன்றத்திற் பெற முடியாத குரலைச் சங்கத்தின் வழியே பெற்றமையின் விளைவு அது. ஆகவே இணக்க சபையைக் கெடுத்த கட்சி அரசியலுக்கு எதிராக இடப்பட்ட வேலி, தோட்டத்துத் தலைவரையும் வெளியே நிறுத்துகின்றது. எஞ்சுவன கோயிற் கமிட்டி, மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் ஆகியவையே. நிலத்துக்கும் கூலிக்கும் குரல் கொடுத்துப் பழகாத இவ்வமைப்புகள் நீதிச் சபைக்கு ஆள் அனுப்பும் உரிமை தமக்குண்டென எண்ணிப் பார்ப்பது அரிது. கொழுந்து பறிப்போருட் பெரும்பாலார் பெண்களாயிருக்க, மாதர் சங்கத்தின் முன்மொழிவு எவ்வளவு பொருத்தமானதாயிருக்கும் என்பதையும் குறிப்பிடல் தகும்.

மற்றொரு வழியும் உண்டு. நாடெங்கும் மத்தியஸ்தராய் அமர்வோருட் பலர் ஓய்வுபெற்ற அதிபரும் ஆசிரியரும் அரச உத்தியோகத்தருமாவர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேயே. தோட்டத்து இளைஞர் ஆசிரியராய்ப் பெருந்தொகையாக நியமனம் பெற்றது 1980களிலாகும். அந்நியமனம் பெற்றோர் அறுபது வயதை எட்டி ஓய்வு பெறலானது அண்மைக் காலத்திலேதான். பசறையிலும் மடுல்சீமையிலும் பண்டாரவளையிலும், லயத்திற் பிறந்து அதிபராய் ஓய்வு பெற்றோர் என ஒரு தலைமுறை இப்போதுதான் உருவாகியுள்ளது. பிணக்குக்காரர் தத்தம் மத்தியஸ்தரைத் தெரியலாம் என்னும் 1988ஆம் ஆண்டின் விதியை ஊவாத் தோட்டத்தில் அதன் முழுப் பொருளில் நடைமுறைப்படுத்துதல், அவர்களுடைய பெயர்கள் அப்பன்னிருவர் பட்டியலில் ஏறிய பின்னரே இயலும்.